இருபத்துநாலாவது வாக்கியம்

காலை பத்து இருபதுக்கு அபாய மணி அலறியது. அலறிய மாத்திரத்தில் பெல்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அதன்மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த அட்டைப் பெட்டிகள் முன்னால் போனதன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றன. கூரையில் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்தது. பேக்கிங் கூடத்தில் இருந்த நாற்பது பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு பெல்ட்டின் கடைசி முனையைப் பார்த்தார்கள்.

சின்னவள் மட்டும் பார்க்கவில்லை. அவள் வாய்க்குள் ஒரு ஆங்கில வாக்கியம் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் பரீட்சை. காலையிலிருந்து அவள் லேபிள் அச்சடிக்கும் மெஷினின் பொத்தான்களை அழுத்துவதும், வாக்கியங்களை மென்று விழுங்குவதுமாக இருந்தாள். கை ஒரு ஊரில், மனசு ஒரு ஊரில்.

"உங்க அக்கா கயித்தை இழுத்துட்டாங்க" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

அப்போதுதான் திரும்பினாள். பெல்ட்டின் கோடியில், டேப் ஒட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், கையுறை போட்ட கையால் சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி அவளுடைய ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. வீட்டின் மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள். இரண்டு பேரும் ஒரே ஆலைக்கு வேலைக்கு வந்ததால் வீட்டுப் பெயர்களே ஆலையிலும் ஒட்டிக்கொண்டன.

பன்னிரண்டு வருஷத்தில் பெரியவள் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. கயிற்றை இழுத்தால் கூடம் முழுக்க நிற்கும். நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொள்கிறவர் என்பதால் கூடத்தில் அவருக்கு முழுக்கை என்று பெயர். அடுத்த வாரம் வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போகிறார். அவருடைய நாற்காலிக்காகத்தான் மூன்று மணிப் பரீட்சை.

அவர் டேப் மெஷினைத் தாண்டிக் கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கி, அதன் லேபிளை மூக்குக்கு நேராகப் பிடித்தார். எட்டு மில்லிமீட்டர் போல்ட், இருநூறு எண்ணம் என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு என்னவோ இருந்தது. உதடு அசைய வாசித்தார். பிறகு உரக்கவே வாசித்தார்.

"வேர் இஸ் த கீ?"

நாற்பது பேரில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தவர்களில் ஒருவன், "சாவி எங்கேன்னு கேக்குது சார், பெட்டி" என்றான். கூடம் சிரித்தது.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவளுடைய வாக்கியம்.

*

ஐந்து வருஷமாக அவள் ஆங்கிலத்தோடுதான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அது வெறும் பெயர்ச்சொல் ஆங்கிலம். போல்ட், நட், வாஷர், ஸ்க்ரூ. பெயர், அளவு, எண்ணிக்கை. பெயர்ச்சொல் எதுவும் செய்யாது. பெட்டிக்குள் சும்மா கிடக்கும். அதை ஒரு வினைச்சொல்லோடு கோத்து நடக்கவிடத்தான் அவளுக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்கோ அது தெரிந்தாக வேண்டும். சரக்கு வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். பெல்ட் நின்றால் ஏன் நின்றது, எத்தனை பெட்டி கெட்டது என்று அன்றன்றைக்கு அவர்களுக்கு ஆங்கிலத்தில் அடித்து அனுப்ப வேண்டும்.

பழைய புத்தகக் கடையில் ஒரு இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வாங்கினாள். முதல் பாடம் பெயர்ச்சொல்: ஆள், இடம், பொருள். இரண்டாம் பாடம் வாக்கிய வகை: செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று நாலு. படித்த அன்றைக்கே அவளுக்கு வீடு முழுக்க வகை பிரிந்துவிட்டது. மாமியார் பேசுவதெல்லாம் வினா: எங்கே போறே, ஏன் லேட்டு, யாரு அது போன்ல. பெரியவள் பேசுவதெல்லாம் கட்டளை: அடுப்பை அணை, துணியை எடு, அரிசியைக் களை. அவள் புருஷன் பேசுவது செய்தி, அதுவும் ஒற்றைச் சொல்லில்: சரி, ஆச்சு, தெரியல. உணர்ச்சி வாக்கியத்துக்குத்தான் அந்த வீட்டில் உதாரணம் கிடைக்கவில்லை. வியந்து பேசும்படி அங்கே ஒன்றும் நடந்ததில்லை.

பயிற்சி எழுத ஒரு வழி வைத்திருந்தாள். லேபிள் சுருளில் முப்பதுக்குக் குறைவாக மிஞ்சினால் அதை யாரும் மெஷினில் மாட்ட மாட்டார்கள்; குப்பைத் தொட்டிக்குப் போகும். சாப்பாட்டு இடைவேளையில் அந்த மிச்சச் சுருளில் வாக்கியங்களை அடித்துப் பார்ப்பாள். வீட்டில் காகிதம் கிடந்தால் மாமியாரின் வினா கிளம்பும். இங்கே வாசித்துவிட்டுக் கசக்கித் தொட்டியில் போட்டால் தீர்ந்தது. நேற்று இருபத்துநாலு லேபிள் மிஞ்சிய சுருள் ஒன்று கிடைத்தது. இருபத்துநாலு வாக்கியம் அடித்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் என்பதால் அதைத் தொட்டியில் போட மனம் வரவில்லை. காலையில் வந்து ஒரு தடவை பார்க்கலாம் என்று சுருட்டி, கைக்குக் கிடைத்த ரப்பர் பேண்டைப் போட்டு, சுருள்கள் வைக்கும் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

அங்கேதான் சனி பிடித்தது. அந்தக் கூடத்தில் லேபிளை யாரும் வாசிப்பதில்லை. அச்சடித்த சுருளில் சிவப்பு ரப்பர் பேண்ட் என்றால் எட்டு மில்லிமீட்டர் போல்ட். மஞ்சள் என்றால் நட். பச்சை என்றால் வாஷர். வாசிக்கிற வேகத்துக்கு பெல்ட் காத்திருக்காது என்பதால் எல்லோரும் நிறத்தைப் பார்த்தே வேலை செய்து பழகிவிட்டார்கள். நேற்று அவள் கைக்குக் கிடைத்தது சிவப்பு ரப்பர் பேண்ட். இன்றைக்குப் பத்து பதினெட்டுக்கு போல்ட் லேபிள் தீர்ந்து மெஷின் கீச்சிட்டபோது, வாய் வாக்கியம் சொல்லிக்கொண்டிருக்க, கை தானாகப் போய்ச் சிவப்பை எடுத்து லேபிள் ஒட்டும் மெஷினில் மாட்டியது.

அவளேதான் மாட்டினாள். வேறு யாரும் இல்லை.

*

"ரெண்டு பேர்ல யாரு?" என்றார் முழுக்கை.

லேபிள் மெஷின் இரண்டு. ஒன்று சின்னவளுடையது. மற்றதில் இருந்தவள் ஸ்டோர்கீப்பரின் மச்சினி, இருபத்தைந்து வயசு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பென்சில் பெட்டி கொண்டுவருவதால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளும் இன்றைக்கு மூன்று மணிக்குப் பரீட்சை எழுதுகிறவள்தான்.

"நான் இல்ல சார்" என்றாள் பென்சில் பெட்டி. "நான் அப்ப தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

முழுக்கை சின்னவளைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றது சின்னவளின் வாய். புருஷனிடம் கடன் வாங்கிய செய்தி வாக்கியம் போல அது அவ்வளவு சுலபமாக வந்தது.

முழுக்கை பென்சில் பெட்டியின் மேஜையைப் பார்த்தார். அங்கே ஆங்கில இலக்கண நோட்டு பட்டப்பகலில் விரிந்து கிடந்தது. சின்னவளுடைய புத்தகமோ துணிப்பையின் அடியில், மாற்றுப் புடவைக்குள் சுற்றிக் கிடந்தது. ஒளித்துப் படித்தவள் யோக்கியஸ்தி, விரித்துப் படித்தவள் குற்றவாளி என்றாகிவிட்டது.

"ஓ" என்றார் முழுக்கை. அந்த ஒரு எழுத்திலேயே தீர்ப்பு இருந்தது. "மூணு மணிக்கு மேனேஜர் பேசிப்பார். முதல்ல பெட்டியெல்லாம் வெளிய வரணும். பன்னெண்டு மணிக்கு லாரி கிளம்புது. எத்தனை பெட்டி போச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தியான சின்னவள், "ஒரு சுருள் மிச்சம்னா இருபது இருபத்தஞ்சு இருக்கும் சார்" என்று பொதுவாகச் சொன்னாள். தானே போய்த் தேடுவதாகவும் சொன்னாள். முழுக்கைக்கு அவள் பொறுப்புணர்ச்சி பிடித்துப்போயிற்று. அது வேறு அவளைக் குத்தியது.

*

லாரியில் ஏற்றுகிறவர் ஆறடிக்கு மேல் வளர்ந்து, சதை வைக்க மறந்துபோன மனிதர். ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்து, மரியாதை சேர்ந்து, குச்சி அண்ணன் ஆனவர். கயிறு இழுபடுவதற்குள் அவர் பாதி லாரியை நிரப்பியிருந்தார். ஒரே மாதிரி அட்டைப் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஐந்து வரிசை.

"வைக்கோல்போர்ல ஊசி தேடச் சொல்றாங்க" என்றார். "ஊசியாவது பளபளன்னு இருக்கும்."

ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்கள். அவர் திருப்புவார், சின்னவள் பார்ப்பாள். சரியான லேபிள் என்றால் தலையாட்டுவாள். தப்பான லேபிள் வந்தால் உரித்து, ஒரு காகிதத்தில் ஒட்டுவாள்; அதை பெல்ட் நின்ற கணக்கெழுதும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று முழுக்கை சொல்லியிருந்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"கதவைச் சாத்துன்னு."

"நல்ல புத்திமதிதான். இது?"

"இந்த வீட்டுல ரெண்டு ரூம் இருக்குன்னு."

"அட, வாடகைக்கு விடுறாங்களா?"

அவள் அடுத்த லேபிளை உரித்தாள். அவளுடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக இருட்டான லாரிக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன. எழுதும்போது வெறும் பயிற்சியாக இருந்தவை இப்போது யாரோ ஒருத்தியின் டைரியைப் போல இருந்தன. குழாய் வீட்டுக்குள் இருக்கிறது. நான் யாரிடமும் கேட்க வேண்டாம். என் அக்கா ஏன் எப்போதும் கோபமாக இருக்கிறாள்? பேசாதே. உணர்ச்சி வாக்கியம் ஒன்றும் இருந்தது; வாட் எ பிக் என்று ஆரம்பித்து, பாத்திரத்துக்கு ஆங்கிலம் தெரியாமல் பாத்திரம் என்றே ஆங்கில எழுத்தில் முடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். சூப்பர்வைசர் பதவியோடு ஒரு குவார்ட்டர்ஸ் வரும். ஆலைக்குப் பின்னால், மதிலை ஒட்டி, இரண்டு அறை, ஒரு சமையலறை, உள்ளே குழாய். பெல்ட் எப்போது நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்பதால் சூப்பர்வைசர் அங்கேதான் குடியிருக்க வேண்டும். மேனேஜர் அதை அவளிடம் தனியாகச் சொன்னார். அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதவி வருகிறது, சம்பளம் கூடும் என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவளும் புருஷனும் வீட்டுக் கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் தூங்குகிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மாமியாரின் கட்டில். உள்ளறை பெரியவளுக்கும் மூத்தவருக்கும். சமையலறை அலமாரிச் சாவி பெரியவளின் இடுப்பில். சர்க்கரை வேண்டுமென்றால் கேட்க வேண்டும். சோப்பு வேண்டுமென்றால் கேட்க வேண்டும். ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள், அதைச் சாத்தினால் வெளியே இருக்கிறவர்கள் தட்டித்தான் ஆக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்று வாரமாக ஆள், இடம், பொருள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு இருபத்துமூன்று லேபிள் சேர்ந்திருந்தது.

இருபத்துநாலாவது இல்லை.

அவள் காகிதத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். எது இல்லை என்று எண்ணாமலே தெரிந்தது. அச்சடித்த சுருளைச் சுருட்டினால் கடைசியில் அடித்தது வெளிப்பக்கம் வரும். மெஷினில் மாட்டும்போது அதுதான் முதல் பெட்டியில் ஒட்டும். நேற்று கடைசியில் அடித்தது இரண்டு வரி வாக்கியம். ஐ வில் கோ ஃப்ரம் திஸ் ஹவுஸ். ஐ வில் நாட் டெல் மை சிஸ்டர். இந்த வீட்டை விட்டுப் போவேன். அக்காவிடம் சொல்ல மாட்டேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணே."

"எப்படித் தெரியும்?"

அவள் திடுக்கிட்டாள். "ஒரு கணக்குதான்."

குச்சி அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் லாரிக்குள் ஏறினார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி வரிசையின் அடியில் அந்தப் பெட்டி கிடைத்தது. அதில் லேபிளே இல்லை. லேபிள் இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் அட்டை உரிந்து வெளுத்திருந்தது.

"யாரோ உரிச்சிருக்காங்க" என்றார் குச்சி அண்ணன். "நான் வேகத்துல கவனிக்கல. உங்க அக்கா டேப் போட்டு அனுப்பினா நான் தூக்கி வைப்பேன், அவ்வளவுதான்."

புது லேபிள் ஒட்டியதும் லாரி கிளம்பிப் போயிற்று. சின்னவள் மட்டும் கிளம்ப முடியாமல் நின்றாள்.

*

அதற்குப் பிறகு அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உரித்த லேபிள் எங்காவது ஒட்டித்தானே இருக்க வேண்டும்? எல்லோருடைய முதுகையும் பார்த்தாள். துடைப்பக் கட்டையைப் பார்த்தாள். குப்பைத் தொட்டியைக் குனிந்து பார்த்தபோது அது சுத்தமாகக் காலியாக இருந்தது. மூன்று வாரமாக அவள் போட்ட சுருள்கள் ஒன்றுகூட இல்லை. தினமும் யாரோ கொட்டுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். யார் யார் ஆங்கிலம் வாசிப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணினாள். முழுக்கை, பென்சில் பெட்டி, ஸ்டோர்கீப்பர். பெரியவளை எண்ணவில்லை. ரேஷன் அட்டையில் கையெழுத்துப் போடவே பெரியவள் மூன்று தடவை மூச்சு வாங்குகிறவள்.

ஆனால் ஒன்று மட்டும் முள்ளாக உறுத்தியது. தப்பான லேபிள் முதல் பெட்டியிலிருந்தே வந்தது. டேப் மெஷினில் நிற்கிற பெரியவள் முதல் பெட்டியைப் பார்த்துக் கயிற்றை இழுக்கவில்லை. இருபத்துநாலு பெட்டியும் போன பிறகு இழுத்திருக்கிறாள். பெட்டிக்கு நாலு வினாடி என்றாலும் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வழக்கம்போல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"சாப்பிடு" என்றாள் பெரியவள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"எதை?"

"லேபிள் தப்புன்னு. உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே."

பெரியவள் டப்பாவை மூடித் திறந்தாள். "போல்ட்டுக்கு அவ்வளவு பேச்சு எதுக்கு? நெறைய எழுத்தா இருந்துச்சு, இழுத்தேன். மோர் இருக்கு, குடி."

கட்டளைதான். ஆனால் வழக்கமான காரம் அதில் இல்லை. சின்னவளின் முகத்தை அவள் பார்க்கவுமில்லை. எதிரே குழாயடியில் பென்சில் பெட்டி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள்.

பெரியவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு அழுவுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். போய்ச் சொல்லு என்றில்லை, பேசாமல் இரு என்றுமில்லை. கேட்காமல், கட்டளையிலும் முடியாமல், ஒன்பது வருஷத்தில் பெரியவள் வாயிலிருந்து வந்த முதல் செய்தி வாக்கியம் அது. கட்டளையாக இருந்தால் மீறலாம். வினாவாக இருந்தால் மழுப்பலாம். இதை என்ன செய்வது?

மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

மேனேஜரின் அறையில் இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர். பென்சில் பெட்டியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவளுடைய பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. அடிப்பதற்குப் பென்சில் தேவையில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மேனேஜர் சுருக்கமாகப் பேசுகிறவர். தான் கேள்வித்தாள் ஒன்று தயார் செய்து வைத்திருந்ததாகவும், காலையில் நடந்ததைக் கேட்டபின் அதைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னார்.

"பத்து இருபதுக்கு பெல்ட் ஏன் நின்னுச்சு? பத்து வாக்கியம். சரக்கு வாங்கறவருக்கு அனுப்பற மாதிரி எழுதுங்க. முக்கால் மணி நேரம்."

சொல்லிவிட்டு பென்சில் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். முழுக்கை ஏற்கெனவே ஓதிவிட்டிருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சின்னவள் விசைப்பலகையில் கை வைத்தாள். வாக்கியம் வந்தது, அதுதான் வேடிக்கை. மூன்று வாரம் மென்றது வீண் போகவில்லை. பெல்ட் பத்து இருபதுக்கு நின்றது. இருபத்துநாலு பெட்டிகளில் தப்பான லேபிள் இருந்தது. நாங்கள் லாரியை இறக்கினோம். பெட்டிகள் எல்லாம் கிடைத்தன. லாரி பன்னிரண்டு மணிக்குப் போயிற்று. ஐந்து ஆகிவிட்டது. எல்லாம் உண்மை.

ஆறாவதில் இடறியது. தப்பான சுருளை மெஷினில் மாட்டியது என்று எழுத வேண்டும். மாட்டியது யார்? புத்தகத்தின் முதல் பாடம்: ஆள், இடம், பொருள். இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது. ஆள் வேண்டும். யாரோ என்று போடலாம். ஒரு ஊழியர் என்று போடலாம். அப்படிப் போட்டால் மேனேஜரின் பார்வை தானாகப் பக்கத்து மேஜைக்குப் போகும். அந்தப் பெண் எழுந்து போவாள். மதிலை ஒட்டிய இரண்டு அறை இவளுக்கு வரும். தாழ்ப்பாள், குழாய், யாரிடமும் கேட்க வேண்டாத சர்க்கரை.

பக்கத்து மேஜையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கெட்டது போ, என்று சின்னவள் மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஆங்கிலத்தில் அடித்தாள். நான் தப்பான சுருளை மாட்டினேன். அது என் பயிற்சி. ரப்பர் பேண்ட் சிவப்பு. நான் வாசிக்கவில்லை, நிறத்தைப் பார்த்தேன். இங்கே எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். பத்து ஆகிவிட்டது. பதினொன்றாவதாக ஒன்றும் சேர்த்தாள்: பக்கத்து மெஷின்காரி அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

மேனேஜர் இரண்டையும் வாசித்தார். பென்சில் பெட்டியை முதலில் அனுப்பினார். காலையில் அவள்மேல் சந்தேகப்பட்டதற்காக முழுக்கை அவளிடம் பேசுவார் என்றார். அந்தப் பெண் சின்னவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை நன்றியா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

"உங்க இங்கிலீஷ்ல தப்பு நெறைய" என்றார் மேனேஜர். "அந்தப் பொண்ணோடது இதைவிட அழகு. ஆனா அதைப் படிச்சா என்ன நடந்ததுன்னு தெரியல. உங்களோடதுல யாரு, எங்கே, எத்தனை, ஏன், எல்லாம் இருக்கு. ரப்பர் பேண்ட் விஷயம் எனக்கு இத்தனை வருஷமா தெரியாது." காகிதத்தை மடித்தார். "காலையில முழுக்கை கேட்டப்ப தெரியலன்னு சொன்னதுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு வரும். அதையும் இங்கிலீஷ்லதான் அனுப்புவேன். நீங்களே படிச்சுக்குங்க."

அவருக்கும் அந்தப் பட்டப்பெயர் தெரிந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திங்கக்கிழமை குவார்ட்டர்ஸ் காலியாகும். சாவியை வாங்கிக்குங்க. வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம் சார்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய்.

*

வெளியே வந்தபோது ஷிப்ட் முடிந்து கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. வாசல் தூணருகே பெரியவள் கையுறையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். சின்னவள் நடையைக் குறைத்தாள். பதவி கிடைத்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் குவார்ட்டர்ஸைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இன்றைக்கு ராத்திரியே மாமியாரின் வினாக்கள் வரிசை கட்டும், பெரியவளின் கட்டளைகள் இடியாக இறங்கும்.

"கிடைச்சிருச்சாக்கும்" என்றாள் பெரியவள். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

சின்னவள் தலையாட்டினாள்.

பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வலது கையுறையைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினாள். உள்ளே, உள்ளங்கை படுகிற இடத்தில், வியர்வையில் ஓரம் சுருண்டு, அந்த இரண்டு வரி லேபிள் ஒட்டியிருந்தது.

சின்னவள் அதைப் பிடுங்கக் கை நீட்டினாள். "அக்கா, அது சும்மா, வாக்கியம் போட்டுப் பழகறதுக்கு..."

"நீ தொட்டியில போடறதையெல்லாம் நான்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் பெரியவள். "அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கேன். அதை வேற யாரு திறக்கப் போறா? சமைக்கறப்ப ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டி, நீ முணுமுணுக்கறதை வெச்சு அர்த்தம் பிடிப்பேன்; அந்த ரெண்டு ரூம் வீட்டு விஷயமும் அப்படித்தான் தெரிஞ்சுது. வேகமா வராது. இன்னைக்கு இந்த ரெண்டு வரியை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள மத்த பெட்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போயிருச்சு."

ஒன்றரை நிமிஷம் எங்கே போனதென்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து, கூடத்தில், படிக்கட்டில், மோர் குடி என்று சொன்ன நேரத்தில்கூட, அந்த வாக்கியம் இவள் கையுறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இனி திட்டு வரும். வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டு வரவில்லை. பெரியவள் லேபிளை மெதுவாக உரித்தாள், நாலாக மடித்தாள், இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் பின்னால் செருகினாள். ஆலையின் பின்பக்கம், மதிலை ஒட்டித் தெரிந்த குவார்ட்டர்ஸின் ஓட்டுக்கூரையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, வழியில் போகிற யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அந்த வீட்டுக்கு ரெண்டு சாவி குடுப்பாங்கல்ல? ஒண்ணை யாருக்கும் தெரியாம எனக்குக் குடு, எப்பவாவது ஒரு மணி நேரம் நான் தனியா உள்ள வந்து கதவைச் சாத்திக்கறேன்."